சகுனத்தின் விலை யார் தலையில்?

மூடநம்பிக்கை என்ற சொல் நமக்கு ரொம்பவும் வசதியாகப் போய்விட்டது. பூனை குறுக்கே போனால் திரும்பி வருவது, ராகு காலத்தில் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதது, திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைப்பது, எதிரே வரும் கைம்பெண்ணைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாய்த் தள்ளிவிடுகிறோம். 1912இல் தென்னிந்தியச் சகுனங்களைத் தனி நூலாகத் தொகுத்த எட்கர் தர்ஸ்டனும் மூட்டைதான் கட்டினார். அவருக்கு அது விநோதப் பட்டியல். சகுனத்துக்கு விலை கொடுப்பது யார் என்ற கேள்வி இரண்டு மூட்டையிலும் இல்லை.

டிரோபிரியாண்ட் தீவுக்காரர்கள் அமைதியான கழியில் மீன் பிடிக்கும்போது மந்திரத்தை நாடுவதில்லை, ஆபத்தான திறந்த கடலுக்குப் போகும்போதுதான் நாடுகிறார்கள் என்று 1925இல் எழுதினார் மாலினோவ்ஸ்கி. கைத்திறன் முடிகிற இடத்தில் அதிர்ஷ்டம் தொடங்குகிறது.

போளூர், ஆரணி வட்டாரப் பட்டு நெசவில் அந்த இடம் எது? நாடா ஓட்டவும் அறுந்த இழையை முடியவும் நெசவாளிக்கு நல்ல நேரம் வேண்டாம், கைக்குத் தெரியும். ஆனால் மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு போட முடியாது. தறிக்குழியில் ஓதம் ஏறும். பட்டு நூலின் விலை சந்தையில். கூலியும் அடுத்த பாவும் முதலாளி கையில். வாங்கிய முன்பணம் காலைக் கட்டிப்போட்டிருக்கிறது. இத்தனையையும் சேர்த்து 'நேரம் சரியில்ல' என்று இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். முதலாளியின் பெயர் அதில் வராது.

சரி, அப்படியானால் எல்லாமே ஏமாற்றுதானா? பல நெசவூர்களில் அமாவாசையன்று தறி ஓடாது. நெய்த புடவைக்குக் கூலி வாங்குகிறவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு ஏது? சட்டம் தராத ஓய்வை அமாவாசை தருகிறது. பகுத்தறிவின் பெயரால் அதைப் பிடுங்கினால் லாபம் நெசவாளிக்கல்ல.

கைம்பெண் சகுனத்தின் கதை வேறு. அயர்லாந்து மீனவர்களிடையே, கடலுக்குப் போகும் வழியில் செம்முடிப் பெண் எதிர்ப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்ற நம்பிக்கை இருந்தது. கடலைப் பற்றிய பயம் ஒரு பெண்ணின் தலைமுடிமேல் ஏற்றப்பட்டது. நம்மூரில் அது தாலியறுத்த உடல்மேல். தார் சுற்றும்போது அவள் கை ஆகாத கை இல்லை. அவள் சுற்றிய தார் நாடாவுக்குள் ஓடிப் புடவையாகிறது. அந்தப் புடவை மணமேடை ஏறும். அவள் மட்டும் ஏறக்கூடாது.

சுயமரியாதைத் திருமணங்களை வேண்டுமென்றே ராகு காலத்தில் நடத்திக் காட்டினார்கள். 1967இல் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. ராகு காலம் பொய் என்று பேசியதைவிட அந்நேரத்தில் கல்யாணம் பண்ணிக் காட்டியதில்தான் பலம் இருந்தது. ஆகவே நம்பிக்கை மெய்யா பொய்யா என்பதோடு நிற்க வேண்டாம். அதனால் யாருக்கு ஓய்வு கிடைக்கிறது, யார் வாசலுக்குப் பின்னால் ஒதுங்குகிறார்கள் என்று ஒவ்வொன்றையும் கேட்போம். அமாவாசை ஓய்வைச் சட்டப்படியான விடுப்பாக்கக் கேட்கலாம். கைம்பெண்ணை மணமேடை ஏற்ற எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.