கேஸ் இணைப்பு யார் பெயரில்?

மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வீடு எடுத்து மெஸ் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் ஒரே அடுப்புக்குத்தான் அனுமதி. மளிகை கொண்டுவரவும், கணக்குப் பார்க்கவும், கையில் காசில்லாத மாதத்தில் தாங்கிப் பிடிக்கவும் ஒரு பெரிய கான்ட்ராக்டரோடு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சில வருஷம் கழித்து, வேறொருவரிடம் போகலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அடுப்பு அணையாமல் கான்ட்ராக்டரை மாற்ற முடியுமா?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள மான்ட்ரியல் நகரில், கன்கார்டியா பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் உதவியாளர்களும் ஆய்வு உதவியாளர்களும் அப்படி மாற்றியவர்கள். விடைத்தாள் திருத்துவதும், ஆய்வகத்தில் மாணவர்களுக்கு வழிகாட்டுவதும், பேராசிரியரின் ஆராய்ச்சிக்குத் தரவு சேர்ப்பதும் இவர்கள் வேலை. ‘டிராக்’ என்ற இவர்களுடைய சங்கம், கனடிய அரசு ஊழியர்களின் பெரும் சங்கமான பி.எஸ்.ஏ.சி.யோடு இணைந்திருந்தது. இப்போது அவர்கள் ‘க்ரூ’ என்ற பெயரில், கியூபெக்கின் சி.எஸ்.என். கூட்டமைப்பில் இருக்கிறார்கள். பி.எஸ்.ஏ.சி.யின் பெரும்பலம் மத்திய அரசு ஊழியர்கள்; 2023 ஏப்ரலில் சுமார் 1,55,000 பேரை வேலைநிறுத்தத்தில் இறக்கிய அமைப்பு அது. சி.எஸ்.என். 1921இல் கத்தோலிக்கத் தொழிலாளர் அமைப்பாகத் தொடங்கி, 1960இல் மதப்பெயரைக் கைவிட்டது. பக்கத்திலிருக்கும் மெக்கில் பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் உதவியாளர் சங்கமும் அதில்தான் இருக்கிறது. இரண்டில் எது உயர்ந்தது என்பதை உறுப்பினர்கள்தான் சொல்ல முடியும். மாற்றம் எப்படி நடக்கிறது என்பதை நாம் பார்ப்போம்.

ஒரே அடுப்பு என்றேனே, அதுதான் வட அமெரிக்கத் தொழிற்சங்கச் சட்டத்தின் அடித்தளம். நம் ஊரில் ஒரே ஆலையில் நாலைந்து சங்கக் கொடிகள் பறக்கும். கியூபெக்கில் ஒரு பணியாளர் தொகுதிக்கு ஒரே சங்கம். தொழில் தீர்ப்பாயம் கொடுக்கும் அங்கீகாரச் சான்று யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் மட்டுமே நிர்வாகத்தோடு பேரம் பேச முடியும். மெஸ்ஸில் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மாதக் கட்டணம் உண்டு: உறுப்பினராகச் சேராதவர் சம்பளத்திலும் சந்தா பிடிக்கப்படும். ஆகவே, பிடிக்காதவர்கள் மட்டும் பிரிந்துபோய்த் தனியாகப் பொங்கிக்கொள்ள வழியில்லை. மாற்றினால் மொத்த அடுப்பையும்தான் மாற்ற வேண்டும்.

எப்போது மாற்றலாம் என்பதற்கும் கெடு உண்டு. மூன்று ஆண்டுகள் அல்லது அதற்குக் குறைந்த கூட்டு ஒப்பந்தம் என்றால், அது முடிவதற்கு 90 நாள் முன்பிலிருந்து 60 நாள் முன்பு வரை இன்னொரு சங்கம் உரிமை கோரலாம். முப்பது நாள் கதவு. அதைத் தவறவிட்டுவிட்டால், புதிய ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அடுத்த கதவுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். உலை கொதிக்கும்போது யார் வேண்டுமானாலும் வந்து கரண்டியைப் பிடுங்கலாம் என்றிருந்தால் சோறு வேகாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. நியாயம் புரிகிறது. ஆனால் தொழிற்சாலையில் இருபது வருஷம் வேலை பார்ப்பவருக்கு இந்தக் கதவு திரும்பத் திரும்பத் திறக்கும். முதுகலை மாணவர் இரண்டு மூன்று வருஷத்தில் படிப்பை முடித்துக் கிளம்பிவிடுவார். அவருடைய வேலையும் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு ஒரு நியமனம். போன பருவத்தில் கூட்டத்துக்கு வந்து கைதூக்கியவர், விண்ணப்பம் போடும் நாளில் பணியாளராகவே இல்லாமல் போகலாம். எண்ணிக்கையில் சேர்பவர்கள் அன்றைக்குத் தொகுதியில் இருப்பவர்கள் மட்டுமே. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இப்படியொரு இடத்தில் பெரும்பான்மை திரட்டுவது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை வெளியில் இருப்பவர்கள் உணர்வதில்லை. என் மதிப்பெல்லாம் அந்த உழைப்பின் மேல்தான்.

உழைப்பின் வடிவம் எளிமையானது: ஓர் அட்டை, ஒரு கையெழுத்து, இரண்டு டாலர். புதிய சங்கத்தில் சேருவதாகக் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு டாலரைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்கிறது கியூபெக் தொழிலாளர் சட்டம். மற்றவர் கட்டினால் செல்லாது. பாதிக்கு மேற்பட்டோர் இப்படிச் சேர்ந்திருந்தால் தேர்தல் இல்லாமலே சான்று கைமாறக்கூடும். 35 முதல் 50 சதவீதம் என்றால் ரகசிய வாக்கெடுப்பு. யார் யார் கையெழுத்திட்டார்கள் என்பது தீர்ப்பாயத்துக்கு மட்டுமே தெரியும். எத்தனை பேர் ஆதரவு என்ற விஷயத்தில் நிர்வாகம் ஒரு தரப்பே அல்ல. தொகுதியில் யார் யார் அடங்குவர் என்று வேண்டுமானால் வாதாடலாம். வழிகாட்டிப் பேராசிரியரின் ஒரு பரிந்துரைக் கடிதத்தில் எதிர்காலமே தொங்கும் ஆய்வு மாணவருக்கு இந்த ரகசியம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

சரி, பாத்திரத்தில் இருக்கும் சாம்பாரை என்ன செய்வது? கொட்ட வேண்டியதில்லை. பழைய ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருந்தால், அதிலுள்ள உரிமைகளும் கடமைகளும் அப்படியே புதிய சங்கத்தின் கைக்கு வரும். வேண்டாமென்றால் எழுத்துமூலம் அறிவித்து அதை முடித்துக்கொள்ளவும் முடியும். சம்பள விகிதம் ஒரே இரவில் சரிந்துவிடுமோ என்ற அச்சம் பல இடங்களில் பரப்பப்படுவது. கியூபெக் சட்டத்தில் அதற்கு இடமில்லை. தொல்லை வருவது வேறு இடத்தில். பல தாய்ச்சங்கங்களின் விதிப்படி கிளையின் வங்கிக் கணக்கும் கோப்புகளும் தாய்ச்சங்கத்துக்கே சொந்தம். பாதியில் நிற்கும் புகார்களின் தாள்களை யார் வைத்திருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

இதற்கெல்லாம் மேலான கேள்வி, கேஸ் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பது. கனடாவின் பல மத்திய அரசுப் பணிகளில் அங்கீகாரச் சான்று பி.எஸ்.ஏ.சி.யின் பெயரிலேயே இருக்கிறது. பணியிடக் கிளை அதன் உறுப்பு. இணைப்பு கான்ட்ராக்டர் பெயரில் இருந்தால், அவரை அனுப்பும்போது சிலிண்டரும் கூடவே போய்விடும். புது இணைப்புக்கு ஒவ்வொருவரிடமும் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். சி.எஸ்.என். முறையில் ஒவ்வொரு பணியிடச் சங்கமும் தனிச் சட்ட அமைப்பு. சான்று அதன் சொந்தப் பெயரில். கூட்டமைப்பு வழக்கறிஞரையும் ஆலோசகரையும், வேலைநிறுத்தக் காலத்து உதவித்தொகையையும் தருகிறது. நாளை அந்தக் கூட்டமைப்பையும் விட நினைத்தால், சங்கம் சான்றோடு வெளியேறலாம். அதற்கும் ஒப்பந்தம் முடியும் தறுவாய்வரை பொறுக்க வேண்டும். பட்டம் வாங்கிக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டே இருக்கும் சங்கத்துக்கு இந்த இரண்டாவது ஏற்பாடே பொருத்தம் என்று நினைக்கிறேன். அடுத்து வருபவர்கள் முடிவெடுக்கும் உரிமையோடு வருவார்கள்.

இணைப்பே வாங்காத மெஸ் என்றால் மாற்றம் சுலபம். சிகாகோ பல்கலைக்கழகப் பட்டமேற்படிப்பு மாணவர் சங்கம் 2017 அக்டோபரில் ஏ.எஃப்.டி., ஏ.ஏ.யு.பி. என்ற ஆசிரியர், பேராசிரியர் அமைப்புகளோடு சேர்ந்து வாக்கெடுப்பில் வென்றும், 2018 பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றது. சான்று கையில் இல்லாததால் காத்திருக்க வேண்டிய கெடுவும் இல்லை. பின்னர் யு.இ. என்ற மின்தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, 2023 மார்ச்சில் 1,696க்கு 155 என்ற கணக்கில் வென்றது.

கன்கார்டியாவில் புதிய சங்கத்தின் சோதனை 2025 வசந்தத்தில் வந்தது. பேச்சுவார்த்தை இழுபட, க்ரூ உறுப்பினர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கம் மாறும்போது இவர்கள் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, அடுப்பு எரியாத வாரங்களில் யார் எவ்வளவு தருவார்கள், எந்த நாளிலிருந்து தருவார்கள் என்பது. வேறெந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பேச்சு தொடங்கினாலும், தாய்ச்சங்கத்தின் வேலைநிறுத்த நிதி விதியையும், அங்கீகாரச் சான்றில் அச்சாகியிருக்கும் பெயரையும், ஒப்பந்தம் முடியும் தேதியையும் முதலில் எடுத்து வாசியுங்கள். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, உங்கள் ஊர்ச் சட்டப்படி கதவு திறக்கும் நாளில் எத்தனை பேருக்கு நியமனம் இருக்கும் என்று பாருங்கள்.