மீன்பிடி படகுக்கு ஏற்ற டீசல் எஞ்சின்

கிணற்றடியில் டீசல் எஞ்சின் நின்றுபோனால் பயிர் ஒரு வேளை வாடும். கரைக்குப் பத்து மைல் அப்பால் படகின் எஞ்சின் நின்றுபோனாலோ உயிருக்கே இடர் நேரும். ஆதலின், எஞ்சின் வாங்க முற்படும் மீனவ அன்பர்கள் குதிரைத்திறனை மட்டும் நோக்கிக் கடன் பத்திரத்தில் கையொப்பமிடலாகாது. படகின் உடலுக்கு எது பொருந்தும் என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

1952-ஆம் ஆண்டில் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டத்தின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் மீன்பிடித் தொழிலுக்கு இயந்திரம் கொண்டுவரப்பட்டது. முதலில் பழைய வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்திப் பார்த்தனர். அவை அதற்கு ஒத்துவராமையால், புதிய படகுகளையே கட்ட நேர்ந்தது.

பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடித்தளத்தில் தங்கி, ஒரு பொறி பட்டாலும் தீப்பற்றும். டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை. எண்ணெய்ச் செலவும் குறைவு.

எத்துணைத் திறன் வேண்டும்? நீரைத் தொடும் பகுதியின் நீளம் 25 அடி எனக் கொள்வோம். அதன் வர்க்கமூலம் 5, அதனை 1.34-ஆல் பெருக்கினால் 6.7 வரும். பாரமேற்றும் படகு மணிக்கு அத்தனை கடல் மைல் வேகத்தை எட்டியபின், கூடுதல் திறன் பெரும்பாலும் அலையெழுப்புவதிலேயே வீணாகும். ஒரு குதிரைத்திறன் ஒரு மணி நேரம் உழைக்க ஏறக்குறைய கால் லிட்டர் டீசல் செலவாகும். 20 குதிரைத்திறனை முழுதும் பயன்படுத்தினால் மணிக்கு 5 லிட்டர். பன்னிரண்டு மணி நேரத்திற்கு 60 லிட்டர். இச்செலவைப் பிடிபடும் மீனே ஈடுசெய்தாக வேண்டும்.

அகன்ற புரொப்பெல்லர் மெதுவாகச் சுழன்றால்தான் பாரப்படகை நன்கு தள்ளும். ஆகவே சுழற்சியைக் குறைக்கும் கியர் பெட்டி இன்றியமையாதது. கடல்நீரை நேரே எஞ்சினுள் செலுத்தினால் உப்பு அரிக்கும். எஞ்சினுள் நன்னீரைச் சுற்றவிட்டு, அந்நன்னீரைக் கடல்நீரால் குளிர்விக்கும் அமைப்பே நீடித்துழைக்கும். டீசலிலுள்ள நீரைப் பிரிக்கும் வடிகட்டியையும் கேட்டு வாங்குக.

இவ்விடத்தில் கூட்டுறவின் பயன் விளங்கும். ஒரு சங்கத்தார் அனைவரும் ஒரே வகை எஞ்சினைத் தேர்ந்தால், உதிரி பாகங்களைச் சங்கப் பண்டகசாலையிலேயே சேமிக்கலாம். ஒரு மெக்கானிக்கைப் பயிற்றினால் அனைவருக்கும் உதவுவார். வெவ்வேறு வகையாயின், சிறு பாகம் ஒன்றுக்காகப் பட்டணத்தை எதிர்பார்த்துப் படகு கரையில் கிடக்கும். கடன் தவணையோ காத்திராது. எனவே, விலை கேட்குமுன் சங்கக் கூட்டத்தில் கலந்து முடிவு செய்யுமாறு வேண்டுகிறோம்.