ஒரு வெள்ளியின் கணக்கு

புக்கிட் பெலிம்பிங் போன்ற கோல சிலாங்கூர் தோட்டங்களில் ஒரு காலத்தில் சம்பள நாள் என்றால் ஆபீஸ் வாசலில் வரிசை. கிராணி பெயர் கூப்பிட, கையெழுத்துப் போட்டு நோட்டை எண்ணி வாங்குவார்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2012 ஏப்ரல் 1 முதல் சம்பளத்தை வங்கியில் போடுவது விதியானது. பணம் கணக்குக்குள் போனது. அதை வெளியே எடுக்கும் செலவு தொழிலாளியின் தலையில் விழுந்தது.

வேறு வங்கியின் ஏடிஎம்மில் எடுத்தால் தடவைக்கு 1 வெள்ளி. 500 வெள்ளி எடுப்பவருக்கு அது 0.2 விழுக்காடு. 50 வெள்ளி எடுப்பவருக்கோ 2 விழுக்காடு, பத்து மடங்கு. தன் வங்கியின் இயந்திரம் பக்கத்தில் இல்லாதவர் வாரம் ஒருமுறை எடுத்தால் ஆண்டுக்கு 52 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியானது. 26 நாளால் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 65. அந்த 52 வெள்ளி, ஒரு நாள் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு. சம்பளம் விழுந்த அன்றே மொத்தத்தையும் எடுத்துவிடும் பெரியவரை ‘காலத்துக்கு ஒவ்வாதவர்’ என்பது அநியாயம். அவர் சரியாகக் கணக்குப் போடுகிறார்.

நாட்டுக் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 44 மின்பரிவர்த்தனை என்றிருந்ததை 2020க்குள் 200 ஆக்க மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2011இல் இலக்கு வைத்தது. 2023இல் அது 343. ஏறக்குறைய நாளுக்கு ஒன்று! இதில் விலைக்குப் பெரிய பங்குண்டு. 5,000 வெள்ளி வரையிலான உடனடிப் பணமாற்றத்துக்கு இருந்த 50 காசுக் கட்டணம் 2018 ஜூலை 1இல் நீக்கப்பட்டது. ஆனால் 343 என்பது சராசரி. கோலாலம்பூர் இளைஞர் ஆயிரம் முறை தட்டினால், தோட்டத்துப் பாட்டியின் பூஜ்யம் அதற்குள் காணாமல் போய்விடும்.

உதவித்தொகையிலும் இந்த இடைவெளி தெரிந்தது. 2020 ஜனவரி 15 முதல் மார்ச் 9 வரை அரசின் ‘இ-துனாய் ரக்யாட்’ திட்டம் 30 வெள்ளி தந்தது. அதை வாங்க பூஸ்ட், கிராப், டச் அண்ட் கோ ஆகிய மூன்று மின்பணப்பைகளில் ஒன்று வேண்டும். அதாவது ஸ்மார்ட்போன் வேண்டும். போனுக்கு மாதம் 10 வெள்ளிக்கு டாப்அப் போட்டாலே மூன்று மாதத்தில் அந்த முப்பதும் தீர்ந்துவிடும். 2025 ஆகஸ்டு 31இல் அடிப்படைப் பொருள் வாங்க அரசின் ‘சாரா’ உதவி 100 வெள்ளி வந்தபோது, மைகார்டு அடையாள அட்டையே போதும் என்றார்கள். 18 வயது நிரம்பிய 2 கோடியே 20 லட்சம் பேருக்கு, சட்டைப்பையில் ஏற்கெனவே இருந்த அட்டை. இதுதான் சரியான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் நாள் நெரிசலில் கணினி அமைப்பு தடுமாறியது உண்மை. ஆனாலும் போன் இல்லாத கிழவியும் அரிசி வாங்கினார்.

ஒரு குறை மட்டும் மிச்சம். கடையில் கடன் எழுதும் 555 புத்தகத்தைப் புரட்டினால், தர வேண்டியது எவ்வளவென்று பேனா மையில் தெரியும். மைகார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் சாராவின் மீதித் தொகை தெரியாது. அதற்கு இணையத்தில் அடையாள எண்ணைத் தட்ட வேண்டும். பேரன் வேலை முடிந்து வரும்வரை பாட்டி காத்திருக்கிறார்.