இன்சுலின் இருந்தும் சர்க்கரை ஏன் குறைவதில்லை?

‘இன்சுலின் சுரக்கிறது என்கிறீர்கள், பிறகு சர்க்கரை ஏன் குறையவில்லை?’ என்று குடும்பத்தினர் எம்மிடம் கேட்பதுண்டு. இன்சுலினின் கட்டளைப்படி இரத்தச் சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்குவது தசையே. அக்கட்டளைக்குத் தசை செவிசாய்க்காத நிலையே இன்சுலின் எதிர்ப்பு.

நம் மரபணுத் தொகுதியில் புரதத்திற்கான பகுதி 2 சதவீதத்திற்கும் குறைவு. எஞ்சியதைக் ‘குப்பை’ என்றனர்; அவசரப்பட்ட பெயர். அதில் பிறக்கும் நீண்ட ஆர்.என்.ஏ.க்களுள் ஒன்று எச்19. இன்சுலின் ஏற்பியைக் குறைக்கும் லெட்-7 என்னும் சிற்றிழையை அது பற்றிக்கொண்டு முடக்குகிறது. இரண்டாம் வகை நீரிழிவாளரின் தசையில் எச்19 குறைந்திருப்பதை 2014ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது.

இதற்கான மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. விளம்பரங்களை நம்பிப் பணம் இழக்க வேண்டா. ஆனால் இயங்கும் தசை, இன்சுலினின் அழைப்பின்றியே சர்க்கரையை உள்வாங்கும். உணவுக்குப்பின் நடக்கச் சொல்வது அதனால்தான். இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ கொள்வோர், சர்க்கரை தாழ்ந்துவிடாதிருக்க, எம்மிடம் கேட்டபின் தொடங்குக.