கிணற்று நீரும் கணினிக் கணக்கும்

கரம்பொன் மக்களுக்குக் கிணற்று நீரின் அருமையை அயலார் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சுண்ணக்கற் பாறையினுள் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் மழைநீரே தீவகத்தின் நன்னீராகும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். ஒரு வளவில் நல்ல தண்ணீரும் அடுத்த வளவில் உப்புத் தண்ணீரும் இருத்தல் கூடும்.

உயர்தரம் பயிலும் மாணவி ஒருத்தி, தன் ஒழுங்கையிலுள்ள ஏழு கிணறுகளின் உப்பளவைக் குறித்து வைத்திருக்கிறாள் எனக் கொள்வோம். லீற்றருக்கு 400, 450, 500, 520, 600, 650, 3880 மில்லிகிராம். இவற்றின் இடை 1000. இதை மட்டும் கண்டவர், ஒழுங்கை முழுவதுமே உவர் என்று தீர்ப்பளித்து விடுவார். இடையமோ 520! கடலோரக் கிணறு ஒன்றே கணக்கைக் குழப்பிற்று. ஏழு எண்களுக்குக் கொப்பித்தாள் போதும். எழுநூறு கிணறுகளை மாதந்தோறும் ஈராண்டு அளந்தால் என் செய்வது?

அதற்கென்றே புள்ளிவிபர மென்பொருள்கள் உள. அவற்றுட் சிலவற்றின் விலை நம் குடும்பங்களுக்கு எட்டாதது. ஆயின், களவுப் பிரதியை நாட வேண்டியதில்லை. நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்ரில்மன் என்னும் இருவர் ஆக்கிய 'ஆர்' என்னும் மென்பொருள் 1995 முதல் எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்தவும் பகிரவும் தக்க உரிமத்துடன் வழங்கி வருகிறது. அது குடியிருக்க ஏற்ற வீடு, பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடக்கிவைத்த லினக்ஸ். பழைய கணினியிலும், உள்ளிருப்பதை அழியாமல், பென் டிரைவிலிருந்தே அதனை இயக்கிப் பார்க்கலாம்.

நாம் முதன்முதல் இதன்முன் அமர்ந்த நாளை நினைத்தால் இன்றும் நகைப்பே வருகிறது. உபுண்டு வகை லினக்ஸில் முனையத்தைத் திறந்து, 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆர்-பேஸ்' என ஆங்கில எழுத்தில் தட்டினோம். மென்பொருள் வந்து சேர்ந்தது. பின்னர் 'ஆர்' எனச் சிற்றெழுத்தில் தட்டினோம். அப்படியொரு கட்டளையே இல்லை என்றது கணினி. லினக்ஸுக்குப் பேரெழுத்து வேறு, சிற்றெழுத்து வேறு என்பதை அறிய அரை மணி நேரம் சென்றது. அடுத்து அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தோம். கூட்டற் குறியொன்று தோன்றி, எதைத் தட்டினாலும் மீண்டும் மீண்டும் அதுவே வந்தது. இயந்திரம் பழுதாயிற்றென்று அஞ்சினோம். அஃது எஞ்சிய அடைப்புக்குறிக்காகக் காத்திருந்ததேயன்றி வேறில்லை. மூடினால் விடை வரும். கொன்ட்ரோல் விசையுடன் 'சி'யை அழுத்தினால் விடுதலை கிட்டும்.

மேலதிகப் பொதிகளைச் சேர்க்கும்போதுதான் புதியவர் பெரிதும் இடர்ப்படுவர். ஆரின் உள்ளிருந்து கேட்டால், லினக்ஸில் அவை பெரும்பாலும் மூலநிரலாக வந்து அங்கேயே தொகுக்கப்படும். தொகுப்புக் கருவிகள் இல்லையெனில் பக்கம் பக்கமாகப் பிழைச்செய்தி ஓடும். 'ஆர்-கிரான்' எனப் பெயர் தொடங்கும் ஆயத்தப் பொதிகளை ஆப்ட் மூலமே பெறுதல் எளிது.

கிணற்றுப் பெயர்களைத் தமிழிலேயே எழுதி வைக்கலாம். லினக்ஸ் முகம் சுளிப்பதில்லை. தமிழாய்வை உலகெங்கும் கொண்டுசென்ற தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊரல்லவா இது!

வெளியேறும்போது, வேலைத்தளத்தைச் சேமிக்கவா என்று ஆர் கேட்கும். வேண்டாம் என்க. கட்டளைகளைத் தனிக் கோப்பில் எழுதிச் சேமித்தாலே போதும். 3880 என்பது மெய்யா, எழுத்துப் பிழையா என்று நாளை ஐயம் எழுந்தால், அடுத்த வளவுக்காரர் அக்கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து தாமே சரிபார்க்கலாம்.