தலைமையாசிரியர் வகுப்பறைக்குப் போவது எப்போது?

முனிசிபல் ஸ்கூலைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஜனங்கள் தவறாமல் சொல்லும் குறை ஒன்று உண்டு. "ஹெட்மாஸ்டர் எப்பப் பார்த்தாலும் ஆபீஸ்லயே உக்காந்திருக்காரு, கிளாஸ் பக்கமே வர்றதில்லே!" மான்குர்த், கோவண்டி வட்டாரத்தில் தமிழ்வழி ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். குறை நியாயமானதுதான். ஆனால் அவர் ஏன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பெற்றோர் தெரிந்துகொண்டால் நல்லது.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. ஒரே கட்டடத்தில் பல மொழிப் பள்ளிகள் இரண்டு ஷிப்டில் நடப்பதும், ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமையாசிரியர் இருப்பதும் இங்கே சகஜம். பிரேயர் முடிந்து அவர் உள்ளே வருவதற்குள் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். ஒருவருக்கு எல்.சி. வேண்டும், இன்னொருவருக்கு போனஃபைட். மூன்றாமவர் ஆதார் அட்டையில் உள்ள பெயருக்கும் பள்ளிப் பதிவேட்டுப் பெயருக்கும் எழுத்து ஒத்துவரவில்லை என்று வந்திருப்பார். லல்லுபாய் காம்பவுண்ட் போன்ற மறுகுடியமர்வுக் கட்டடங்கள் வந்தபின் மான்குர்த்தில் பிள்ளைகள் பள்ளி மாறுவது அதிகம். அதனால் இந்தக் காகித வேலையும் அதிகம். அது முடிந்தால் கிச்சடி வந்துவிடும். அதைப் பரிமாறுமுன் ருசி பார்க்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும். மாநகராட்சி இலவசமாகக் கொடுக்கும் 27 பொருள்கள் வந்து இறங்கும் வாரத்தில் அவர் பாதி ஸ்டோர்கீப்பர்.

தமிழ்ப் பள்ளிக்கு மட்டும் உரிய சுமை ஒன்றும் இருக்கிறது. வார்டு ஆபீஸிலிருந்து வரும் சுற்றறிக்கை மராத்தியில் இருக்கும். அதைப் படித்துப் புரிந்து, ஆசிரியர்களுக்குத் தமிழில் சொல்லி, பதிலை மீண்டும் மராத்தியில் எழுதி அனுப்ப வேண்டும். மராத்திப் பள்ளிக்காரர் பத்து நிமிஷத்தில் முடிப்பது நமக்கு முக்கால் மணி நேரம்.

2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாளும் 800 மணி நேரப் போதனையும் கேட்கிறது. நாளுக்கு நாலு மணி நேரம். அதே சட்டம் ஆரம்பப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தலைமையாசிரியர் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை என்றால் 100 பேர். தமிழ்வழியில் எண்ணிக்கை குறையக் குறைய இது நம்மைக் கடிக்கும். அப்போது மூத்த ஆசிரியர் ஒருவர் 'இன்சார்ஜ்' ஆகி, பாடமும் நடத்தி ஆபீஸும் பார்ப்பார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. தேர்தல், வாக்காளர் பட்டியல் வேலைகளையும் விடுமுறை நாளில்தான் கொடுக்க வேண்டும், பாட நேரத்தில் சாதாரணமாகக் கொடுக்கக் கூடாது என்று 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருக்கிறது, பாட நாளில் ஆள் அழைத்துப் போவதும் நான் பார்த்ததுதான்.

சரி, நேரம் கிடைத்தால் அவர் என்ன செய்ய வேண்டும்? வராந்தாவில் கைகட்டி ஒரு ரவுண்ட் வந்தால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அமெரிக்காவில் கிரிஸம், லோப், மாஸ்டர் என்ற மூவர் மயாமி வட்டாரத்தில் சுமார் நூறு முதல்வர்களை மூன்று ஆண்டுகள் கூடவே இருந்து கவனித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல்வர்களின் நேரத்தில் கற்பித்தல் தொடர்பான வேலைக்குப் போனது 13 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் மற்ற எதையும்விட அதிகம் சும்மா எட்டிப் பார்க்கும் ரவுண்டுதான். அந்த ரவுண்ட் அதிகமான இடத்தில் பிள்ளைகளின் முன்னேற்றம் கூடவில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் குறைவாகவே இருந்தது. ஆசிரியரோடு உட்கார்ந்து பாடத்தைப் பற்றிப் பேசி வழிகாட்டிய இடத்தில் பலன் தெரிந்தது.

இது நமக்கும் பொருந்தும் என்பேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பீரியட் முழுக்கப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால்தான், கரும்பலகையை அழகாக நோட்டில் இறக்கும் பிள்ளைக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை என்பது பிடிபடும். நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி என்று வளர்கிறவர்கள். வாய்க்கு வரும் தமிழ் கண்ணுக்கு வராது. அதைக் கண்டுபிடித்து, அன்றே டீச்சரிடம், "நாளைக்கு இந்த ஆறு பேரை முன்னால உக்காரவச்சு எழுத்துக்கூட்டச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமை நான் வந்து கேக்கறேன்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை போகவும் வேண்டும். இதற்கு வாரம் நாலைந்து பீரியட் போதும். ஆனால் யாரும் கதவைத் தட்டாத பீரியடாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் லூயிவில் நகரில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு செய்தார்கள். முதல்வரின் ஒரு நாளை ஐந்தைந்து நிமிஷமாகக் குறித்து, எது பாடம், எது நிர்வாகம் என்று அவருக்கே காட்டினார்கள். பிறகு, பஸ் தகராறுக்கு யார், அழுகிற பிள்ளைக்கு யார் என்று வேலையைப் பிரித்து வேறு ஆட்களிடம் கொடுத்தார்கள். நமக்குத் தனி ஆள் போட வசதி கிடையாது. ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் முதல் பாதியைச் செய்துவிடலாம்.

இரண்டாவது பாதிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அவர்கள் பொறுப்பு. நான் அறிந்த ஒரு பள்ளியில், முதல் இரண்டு பீரியடில் சான்றிதழுக்கு யாரும் ஆபீஸுக்குள் போகக் கூடாது என்று குழு தீர்மானம் போட்டது. உடனே எதிர்ப்பு வந்தது. நாக்காவில் வேலைக்கு நிற்கிறவர், வீட்டு வேலைக்குப் போகிற அம்மா, இவர்களுக்குக் காலை அரைமணிதான் உண்டு. "மத்தியானம் வந்தா எங்க கூலி போயிடும், யார் தருவா?" என்று கேட்டார் ஒரு தாய். கேள்வி சரிதானே! அதனால் ஏற்பாட்டை மாற்றினார்கள். காலையில் விண்ணப்பத்தைப் பியூனிடம் போட்டுவிட்டுப் போகலாம். குழு உறுப்பினர் ஒருவர் பெயர், தேதி சரிபார்ப்பார். கையெழுத்தான காகிதம் மறுநாள் பிள்ளையின் பையில் வீட்டுக்கு வரும். அவசரம் என்றால் மட்டும் உள்ளே போகலாம். எது அவசரம் என்பதில் இன்னமும் வாக்குவாதம் நடக்கிறது.