குளிர்நீரில் ஒரு தூண்டில்



மண்வெட்டியால் ஈரமண்ணைக் கிளறி, மண்புழுக்களைப் பழைய பால்டின்னில் சேர்த்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடிய நினைவு, நம் தோட்டங்களில் வளர்ந்த பலருக்கும் உண்டு. கெளுத்தியும் விராலும் திலாப்பியாவும் நமக்கு நன்கு அறிமுகமான மீன்கள். மலேசியாவின் தாழ்நில ஆறுகளிலும் குட்டைகளிலும் நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கின்றது. ஆகவே, "இன்று மீனுக்குக் குளிருமோ?" என்று நாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆனால், ஏரியின் மேல்பரப்பே கல்லாய் உறைந்துவிடும் நாடுகளும் உலகில் உண்டு. அங்கே மீன்கள் என்ன செய்கின்றன? எங்கே ஒளிகின்றன? அந்தக் குளிரிலும் தூண்டில் போடுவோர் அவற்றை எவ்வாறு பிடிக்கின்றனர்? வட அமெரிக்காவின் புகழ்பெற்ற நன்னீர் மீனாகிய பெருவாய்ப் பாஸ் மீனைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

பெருவாய்ப் பாஸ் மீன்

இதன் பெயரே இதன் அடையாளத்தைக் கூறிவிடுகின்றது. வாயை மூடியிருக்கும்போதும் இதன் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். முதுகு பாசிப்பச்சை நிறம், வயிறு வெண்மை, பக்கவாட்டில் தலைமுதல் வால்வரை ஒரு கரும்பட்டை ஓடும். சிறுமீன், தவளை, நண்டு எனத் தன் வாய்க்குள் அடங்கும் எதையும் இது விழுங்கிவிடும். வேட்டையாடும் முறையில் நம் ஊர் விராலுக்கு ஒப்பானது எனலாம். நீர்ச்செடிகளின் மறைவிலும், மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டைகளின் ஓரத்திலும் அசையாது நின்று, இரை அருகில் வந்ததும் பாய்ந்து பற்றும்.

கனடாவின் தென்பகுதியிலிருந்து மெக்சிகோ வளைகுடாக் கரைவரை இதன் தாயகம் பரந்துள்ளது. அமெரிக்காவின் அலபாமா, ஜார்ஜியா, மிசிசிப்பி ஆகிய மாநிலங்கள் இதனைத் தங்கள் மாநில மீனாக ஏற்றுச் சிறப்பித்துள்ளன. 1932-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த மீன் 10 கிலோகிராமுக்குச் சற்று மேல் எடையிருந்தது. 77 ஆண்டுகள் எவரும் அதற்கு ஈடாகப் பிடிக்கவில்லை. 2009-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் ஏறத்தாழ அதே எடையுள்ள மீனைப் பிடித்து அச்சாதனையைச் சமன் செய்தார்.

நம் நாட்டின் பழைய ஈயக்குட்டைகள் சிலவற்றில் காணப்படும் பீக்கோக் பாஸ் வேறு, இது வேறு. அது தென் அமெரிக்க வெப்ப ஆறுகளில் தோன்றிய மீன், கடுங்குளிரில் மடிந்துவிடும். பெருவாய்ப் பாஸோ பனிக்கட்டியின் அடியிலும் உயிர் வாழக்கூடியது.

நீரே மீனின் சட்டை

நம் உடலின் வெப்பம் ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ். கேமரன் மலைக்குச் சென்று நடுங்கினாலும் நம் உடலின் உள்வெப்பம் பெரிதும் மாறுவதில்லை. நாம் உண்ணும் உணவின் ஒரு பகுதி அவ்வெப்பத்தைக் காப்பதற்கே செலவாகின்றது. மீனின் நிலை வேறு. அதன் உடல் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தையே பெறுகின்றது. நீர் 28 பாகை என்றால் மீனும் 28 பாகை; நீர் 5 பாகை என்றால் மீனும் 5 பாகை.

உடல் குளிர்ந்தால் அதனுள் நடைபெறும் வேலைகள் யாவும் மெதுவாகின்றன. இதயம் மெல்லத் துடிக்கின்றது, மூச்சு குறைகின்றது, உண்ட இரை செரிக்க நாள்கள் பல ஆகின்றன. கோடையில் துள்ளிப் பாய்ந்த பாஸ் மீன், நீர் 10 பாகைக்குக் கீழே இறங்கியதும் சோர்ந்து நிற்கின்றது. அது இறந்துவிடவில்லை, முற்றிலும் உறங்கிவிடவும் இல்லை. செலவைச் சுருக்கிக்கொண்டு வாழ்கின்றது. சம்பளம் குறைந்த மாதத்தில் இல்லத்தரசி அடுப்பெரிப்பதை எண்ணிப் பாருங்கள். அதைப் போன்றதே இது. தொலைவில் ஓடும் இரையை அது துரத்தாது. துரத்தினால் கிடைப்பதைவிடச் செலவாகும் ஆற்றல் மிகுதியாகிவிடும். கண்ணெதிரே மெல்ல அசையும் இரையை மட்டுமே வாய் திறந்து பற்றும்.

பனிக்கட்டியின் கீழே

குளிர்காலத்தில் ஏரி முழுவதும் அடிவரை உறைந்துவிடாதோ என்று நீங்கள் கேட்கலாம். இங்கே நீரின் வியப்பான பண்பு ஒன்று மீன்களைக் காக்கின்றது.

பொதுவாகப் பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கி அடர்த்தி பெறும். நீரும் அவ்வாறே சுருங்குகின்றது. ஆனால் 4 பாகை செல்சியஸ் வரைதான். அதற்குக் கீழே குளிர்ந்தால் அது மீண்டும் விரிந்து இலேசாகின்றது. எனவே 4 பாகை நீர் கனத்து அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே மிதந்து உறைகின்றது. சர்பத்துக் குவளையில் பனிக்கட்டி மிதப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே காரணத்தால்தான் ஏரியின் பனிக்கட்டியும் மூடியைப் போல் மேலே நின்று, கீழுள்ள நீரை வெளிக்குளிரிலிருந்து காக்கின்றது. நீர் மற்றப் பொருள்களைப் போல் நடந்திருந்தால் ஏரிகள் அடியிலிருந்தே உறைந்து மேலெழும்பியிருக்கும். மீன்களின் கதி என்னவாகியிருக்கும்!

எனவே பனிக்காலத்தில் பாஸ் மீன்கள் ஆழமான இடங்களைத் தேடிச் செல்கின்றன. கரைச்சரிவு சட்டென்று ஆழத்தில் இறங்கும் இடம், பழைய ஆற்றின் தடம், மூழ்கிய மரங்கள் ஆகியவற்றின் அருகே அவை கூட்டமாக நிற்கும். ஒரு மீன் அகப்பட்ட இடத்தில் மேலும் பல இருக்கக்கூடும். ஆகவே அனுபவமுள்ளவர் ஓரிடத்தில் மீன் கிடைத்தால் அவசரப்பட்டு இடம் மாறமாட்டார்.

மெல்ல, இன்னும் மெல்ல

குளிர்நீர்த் தூண்டிலின் முதல் விதி பொறுமையாகும். மீனின் உடல் எவ்வளவு மெதுவாக இயங்குகின்றதோ, அவ்வளவு மெதுவாக இரையும் இயங்க வேண்டும்.

இதற்குப் பலவகைச் செயற்கை இரைகள் உள்ளன. ஒன்று, ஈயத்தலை வைத்த முள். அதன்மேல் மயிரோ இரப்பர் இழைகளோ கட்டப்பட்டிருக்கும். அதனை அடிவரை இறக்கி, நண்டு ஊர்வதைப் போல் தரையோடு தரையாக மெல்ல இழுப்பர். இன்னொன்று, ஒல்லியான சிறுமீன் வடிவில் செய்யப்பட்டது. மிதக்கவும் செய்யாமல் மூழ்கவும் செய்யாமல் நீரின் நடுவே அப்படியே நிற்கும்படி அதன் எடை அமைக்கப்பட்டிருக்கும். அதனை ஓரிரு முறை சுண்டி இழுத்துவிட்டு, பத்து, இருபது, சில வேளைகளில் முப்பது எண்ணும்வரை அசைக்காமல் விட்டுவிடுவர். பெரும்பாலும் அந்த அசைவற்ற நேரத்தில்தான் மீன் வந்து கவ்வும்.

இது ஏன்? அமெரிக்கத் தென்மாநில ஏரிகளில் ஷாட் என்னும் வெள்ளிநிறச் சிறுமீன்கள் மிகுதி. அவற்றுள் ஒருவகை கடுங்குளிரைத் தாங்காது. நீர் மிகக் குளிர்ந்தால் துடித்தும் நின்றும் மெல்ல மடியும். பாஸ் மீனுக்கு அது உழைப்பின்றிக் கிடைக்கும் உணவு. சுண்டி நிறுத்தப்படும் செயற்கை இரை, மடியும் ஷாட்டைப் போலவே அதன் கண்ணுக்குத் தோன்றுகின்றது.

குளிர்கால மீன் கோடையில் போல் வெடுக்கென்று இழுக்காது. நரம்பில் சிறிது கனம் கூடியதுபோலத் தோன்றும். அல்லது நரம்பு சற்றே பக்கவாட்டில் நகரும். கண்ணும் விரலும் விழிப்பாக இருந்தால்தான் அதை உணர முடியும்.

வசந்தத்தின் முதல் வெயில்

பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் தென்மாநிலங்களில் பகல் நீள்கின்றது. நீர் சிறுகச் சிறுகச் சூடேறுகின்றது. முட்டையிடும் காலம் நெருங்குவதால், மீன்கள் ஆழத்தை விட்டு ஆழங்குறைந்த கரைகளை நோக்கிப் புறப்படுகின்றன. வயிற்றில் முட்டை சுமக்கும் பெண்மீன்கள் இக்காலத்தில் நன்றாக இரை எடுக்கும். ஆண்டின் மிகப் பெரிய மீன்கள் பல இப்பருவத்தில் அகப்படுவதற்கு இதுவே காரணம்.

எந்தக் கரை முதலில் சூடேறும்? நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் நண்பகல் வெயில் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே நிற்கின்றது. அமெரிக்காவில் குளிர்காலச் சூரியன் தெற்கு வானில் தாழ்ந்து செல்லும். ஆகவே தெற்கு நோக்கிய வடகரையில் வெயில் நன்றாக விழும். குளிர்ந்த வடகாற்றும் அங்கே குறைவு. கருஞ்சேற்று அடிநிலமும், கரையில் அடுக்கிய கற்களும் வெப்பத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். பிற்பகலில் அவ்விடங்களின் நீர் மற்ற இடங்களைவிட ஓரிரு பாகை கூடியிருக்கும். நமக்கு அது பொருட்டே அன்று. குளிர்ந்த மீனுக்கோ அது பெரிய வேறுபாடு. எனவேதான் கோடைத் தூண்டிலுக்கு விடியற்காலை ஏற்றதென்றால், குளிர்காலத் தூண்டிலுக்குப் பிற்பகல் ஏற்றது என்கின்றனர்.

அலபாமா மாநிலத்தில் டென்னசி ஆற்றை மறித்துக் கட்டிய அணையால் உருவானது கண்டர்ஸ்வில் ஏரி. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அங்கே பாஸ் மீன்பிடிப்போரின் மிகப் பெரிய போட்டி மூன்று நாள் நடைபெற்றது. இரண்டாம் நாள் முடிவில் 11-ஆம் இடத்தில் இருந்த ராண்டி ஹாவல் என்பவர், கடைசி நாளன்று பாலத்தருகே கற்கள் அடுக்கிய கரையில் தூண்டில் வீசினார். அன்று அவர் எடைபோட்ட ஐந்து மீன்கள் சேர்ந்து 13 கிலோகிராமுக்கு மேல் இருந்தன. அவரே வெற்றியாளரானார். பருவத்தையும் இடத்தையும் சேர்த்துப் படித்தவருக்குக் கிடைத்த பரிசு அது.

தந்தை காக்கும் கூடு

நீரின் வெப்பம் 15 முதல் 18 பாகையை எட்டும்போது ஆண்மீன் கரையோரத்தில் வாலால் மண்ணை விலக்கி வட்டமான குழி அமைக்கும். பெண்மீன் அதில் முட்டையிட்டுவிட்டு அகன்றுவிடும். அதன்பின் காவல் முழுவதும் தந்தையின் கடமை. அது முட்டைகளுக்கு மேல் நின்று விசிறுகின்றது. நெருங்கும் மீன்களை விரட்டுகின்றது. குஞ்சுகள் பொரித்த பின்னும் சில காலம் அவற்றுடன் திரிந்து காக்கின்றது. பசித்தாலும் இரைதேடி வெகுதூரம் போவதில்லை.

இந்நேரத்தில் அந்தத் தந்தையைத் தூண்டிலால் தூக்கிவிட்டால் என்ன ஆகும்? காத்துக் கிடக்கும் சிறுமீன்கள் சில நிமிடங்களிலேயே கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கும். ஒரு மீனைப் பிடித்தவர் ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அழித்தவர் ஆகின்றார். ஆகவே அமெரிக்காவின் சில மாநிலங்களில் முட்டையிடும் பருவத்தில் மீன்பிடிக்கக் கட்டுப்பாடுகள் உண்டு. 1972-ஆம் ஆண்டில் ரே ஸ்காட் என்பவர், தம் அமைப்பு நடத்திய போட்டிகளில் பிடித்த மீன்களை உயிருடன் நீரில் விடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். இன்று அது பரவலான பழக்கமாகிவிட்டது. கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுதல், பெரிய மீனின் வயிற்றைத் தாங்கிப் பிடித்தல், உறைபனிக் காற்றில் நெடுநேரம் வெளியே வைக்காதிருத்தல் ஆகியவை அதன் விதிகள்.

மீனைக் காப்பது என்றால் கண்ட இடத்தில் விடுவது என்று பொருளாகாது. இம்மீன் 1925-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஆஷி ஏரிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர் நாடெங்கும் பரவி அங்குள்ள சிறுமீன்களைத் தின்று குறைத்தது. 2005-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, அங்கே இம்மீனை வளர்ப்பதையும் வேறு நீர்நிலைகளில் விடுவதையும் தடை செய்கின்றது.

உயிர் முதல், மீன் பிறகு

குளிர்நீர் மனிதனுக்குக் கொடிய பகை. அதில் தவறி விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு அடக்க முடியாமல் திணறும். பத்து நிமிடத்தில் கைகால்கள் செயலிழக்கும். ஒரு மணி நேர அளவில் நினைவு தவறும். நன்கு நீந்துவோரும் இதற்கு விலக்கல்லர். எனவே அங்கே படகில் செல்வோர் மிதவைச் சட்டை அணிகின்றனர். பனிக்கட்டியின்மேல் நடந்து, துளையிட்டுத் தூண்டில் போடுவோர் முதலில் அதன் கனத்தை அளக்கின்றனர். தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலமாவது இருந்தால்தான் கால்வைக்கலாம் என்று மின்னசோட்டா மாநில இயற்கைவள இலாகா கூறுகின்றது.

நம் ஊரில் பனி இல்லை. ஆயினும் பழைய ஈயக்குட்டைகள் உள்ளன. அவற்றின் கரை சட்டென்று சரிந்து ஆழமாகும். மழைக்குப் பின் மண்ணும் இடியும். பிள்ளைகளே, பெரியவர் துணையின்றி அங்கே தூண்டிலோடு செல்லாதீர்கள். பெற்றோர்களே, விடுமுறை நாளில் பிள்ளைகள் எந்தக் கரைக்குப் போகின்றனர் என்பதைக் கேட்டறியுங்கள். எந்த மீனும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

முடிவுரை

காலமறிதலைக் கூற வந்த வள்ளுவர், கொக்கை நமக்கு ஆசானாகக் காட்டினார். அசையாது காத்திருப்பதும், காலம் வாய்க்கும்போது தவறாது செயற்படுவதும் அதன் பாடம். குளிர்நீரில் தூண்டில் போடுபவர் கற்பதும் அதுவே. நீரின் வெப்பத்தை அறிந்தவர் மீன் இருக்கும் இடத்தை அறிகின்றார். மீனின் உடலை அறிந்தவர் தம் கையை மெதுவாக்கிக்கொள்கின்றார். கூட்டைக் காக்கும் தந்தையை அறிந்தவர் பிடித்ததையும் நீரில் விட்டுவிடுகின்றார். மீனைப் பிடிக்கக் கற்றுத்தரும் அறிவே, எப்போது பிடிக்கக்கூடாது என்பதையும் கற்றுத்தருகின்றது. அடுத்த முறை ஆற்றங்கரையில் அமரும்போது, மாணவர்களே, தக்கையை மட்டும் பார்க்காதீர்கள், நீரையும் பாருங்கள்.